புயலுக்குப் பின் வரும் விருந்தாளிகள்: ஒரே தீவில் 50 ஆண்டுகள் காத்திருந்த ஹைன்ரிஷ் கெட்கே யார்?

புயல் கரையைக் கடந்த மறுநாள் காலை. மழை விட்டிருக்கும். சாலையில் மரங்கள் சாய்ந்து கிடக்கும். பல இடங்களில் கரன்ட் வந்திருக்காது. ஆனால், பறவை ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழுக்கள் மட்டும் பரபரவென்று இருக்கும். ஊருக்குள் இருக்கும் ஏரிக்கு மேலே ஃபிரிகேட் பறவை ஒன்று வட்டமடிக்கிறதாம். நடுக்கடலைவிட்டு வராத சூட்டி டெர்ன் எனும் கருநிற ஆலா, யாரோ ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருக்கிறதாம்.

இவை ஏன் இங்கே வந்தன? வழி தவறியா, காற்று தள்ளியா, வேறு ஏதாவது காரணமா? ஒரு போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டு நாம் நகர்ந்துவிடுவோம். ஆனால், இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த ஒரு மனிதர் 19-ம் நூற்றாண்டில் வாழ்ந்தார். வட கடலின் நடுவே ஒரு குட்டித் தீவு. அங்கே படம் வரையப் போனவர், கடைசிவரை திரும்பவே இல்லை. ஐரோப்பியப் பறவை ஆய்வாளர்கள் நன்கு அறிந்த அந்தப் பெயர், ஹைன்ரிஷ் கெட்கே.

அவர் பார்த்தது கிட்டத்தட்ட எல்லாமே சரி. அதிலிருந்து அவர் எடுத்த சில முடிவுகளோ பெரிய தவறு. இரண்டுமே சேர்ந்ததுதான் அவர் கதை.

ஹெலிகோலாந்து எங்கே இருக்கிறது?

ஜெர்மனியின் கடற்கரையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, வட கடலில் இருக்கிறது ஹெலிகோலாந்து. செந்நிற மணற்பாறையால் ஆன தீவு. சில இடங்களில் பாறைச் சுவர் கடலிலிருந்து 60 மீட்டர் உயரம்வரை செங்குத்தாக நிற்கும். முக்கியத் தீவின் பரப்பு சுமார் ஒரு சதுர கிலோமீட்டர்தான். நிதானமாக நடந்தாலே சீக்கிரம் சுற்றி வந்துவிடலாம். பக்கத்தில் ‘டூனே’ எனும் மணல் திட்டு ஒன்று இருக்கிறது. முன்பு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1720-ம் ஆண்டின் கடைசி இரவில் தொடங்கிய புயல் வெள்ளம் இடையில் இருந்த நிலத்தை அரித்து, தீவை இரண்டாக்கிவிட்டது.

அதாவது, புயலுக்குப் பழகிய ஊர் அது.

பறவைகளுக்கு இந்த இடம் ஏன் முக்கியம்? வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இலையுதிர் காலத்தில் ஸ்காண்டிநேவியாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கோடிக்கணக்கான பறவைகள் தெற்கு, தென்மேற்கு நோக்கி வலசை போகின்றன. அவற்றில் ஒரு பகுதி வட கடலைத் தாண்டியாக வேண்டும். இரவு முழுக்கப் பறந்து களைத்தவற்றுக்கு, எதிர்க்காற்றில் மாட்டிக்கொண்டவற்றுக்கு, பனிமூட்டத்தில் திசை தெரியாமல் தவிப்பவற்றுக்குச் சுற்றிலும் தண்ணீர்தான். நடுவே ஒரே ஒரு பாறை. இறங்க வேறு இடமில்லை.

பெரிய காட்டுக்குள் ஒரு சின்னக் குருவி இறங்கினால் யாருக்குத் தெரியும்? ஹெலிகோலாந்திலோ அந்தக் காலத்தில் மரங்களே மிகக் குறைவு. மேல் தளத்தில் உருளைக்கிழங்கு வயல், கொஞ்சம் புல்வெளி, வீட்டுத் தோட்டங்களில் சில செடிகள், அவ்வளவுதான். வந்த விருந்தாளி ஒளிந்துகொள்ள இடமில்லை.

படம் வரைய வந்தவர்

ஹைன்ரிஷ் கெட்கே 1814-ம் ஆண்டு மே 19 அன்று, பிரஷ்யாவின் பிராண்டன்பர்க் பகுதியில் உள்ள பிரிட்ஸ்வால்க் எனும் சிறிய ஊரில் பிறந்தார். கடலோர ஊரல்ல, உள்நாட்டு ஊர். ஓவியராக வேண்டும் என்பது அவர் ஆசை. கடலை வரைய வேண்டுமென்றால் கடலுக்கு நடுவிலேயே இருப்பதுதான் சரி என்று தோன்றியிருக்க வேண்டும். 1837-ல், 23 வயதில், ஹெலிகோலாந்துக்கு வந்து சேர்ந்தார்.

அப்போது அந்தத் தீவு ஜெர்மனியின் கையில் இல்லை. டென்மார்க்கிடமிருந்து 1807-ல் அதைப் பிரிட்டன் பிடித்திருந்தது. 1826-ல் அங்கே கடல் குளியல் விடுதி தொடங்கியதும், ஜெர்மன் நகரங்களிலிருந்து கவிஞர்கள், ஓவியர்கள், பணக்காரர்கள் எனக் கோடைக்காலக் கூட்டம் வர ஆரம்பித்தது. பிற்பாடு ஜெர்மனியின் தேசிய கீதமாக ஆன பாடலும் 1841-ல் அந்தத் தீவில்தான் எழுதப்பட்டது.

கோடை முடிந்தால் கூட்டம் கிளம்பிவிடும். கெட்கே கிளம்பவில்லை. கடற்காட்சிகளை வரைந்தார். பிரிட்டிஷ் ஆளுநரின் அலுவலகத்தில் செயலாளர் வேலையும் கிடைத்தது. பல ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். மாதச் சம்பளம், ஒரு மேசை, ஜன்னலுக்கு வெளியே கடல். இன்றைய பாஷையில் சொன்னால், நிலையான வேலை ஒன்று, பேஷன் புராஜெக்ட் ஒன்று.

கூட்டம் கிளம்பிய பிறகுதான் தீவுக்கு வேறு விருந்தாளிகள் வந்தார்கள். பறவைகள். ஓவியரின் கண்ணுக்கு நிறத்தில் இருக்கும் சின்ன வித்தியாசங்களும் தெரியும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு குருவிகளில் ஒன்றின் இறக்கையில் மட்டும் வெளிறிய கோடு இருக்கும். ஒன்றின் புருவம் மட்டும் கொஞ்சம் மஞ்சளாக இருக்கும். பறவை ஆய்வில் எல்லாமே இந்த மாதிரி விவரங்களில்தான் இருக்கிறது. கெட்கே மெல்ல மெல்லப் பறவைக்காரர் ஆனார்.

ஊரே அவருக்கு உளவாளி

கெட்கேவுக்கு இருந்த பெரிய பலம் ஹெலிகோலாந்து மக்கள். அவர்கள் மீனவர்கள், படகோட்டிகள். இலையுதிர் காலத்தில் பறவை பிடிப்பதும் அவர்கள் வாழ்க்கையின் ஒரு பகுதி. மரமில்லாத தீவில் காய்ந்த கிளைகளை நட்டு, வேலி மாதிரி ஒரு செயற்கைப் புதர் அமைப்பார்கள். ஒரு பக்கம் வலை கட்டியிருக்கும். களைத்துப்போய் வரும் பாடும் திரஷ் பறவைகள் அந்தப் புதருக்குள் அடைக்கலம் தேடும். விரட்டினால் நேராக வலைக்குள் போய் விழும். அன்றைக்குச் சாப்பாட்டுக்குப் பிரச்சினை இல்லை.

இப்படிப் பறவையைப் பசிக்காகப் பார்த்துப் பழகிய மக்களுக்குக் கண் கூர்மை அதிகம். தினமும் பார்க்கும் பறவை எது, பழக்கமில்லாதது எது என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஏய்க்கென்ஸ் சகோதரர்கள் போன்ற தேர்ந்த வேட்டைக்காரர்கள் கெட்கேவுக்குத் துணையாக இருந்தார்கள். புதிதாக ஏதாவது கண்ணில் பட்டால் செய்தி அவருக்குப் போய்விடும். சில நேரம் செய்திக்குப் பதிலாகப் பறவையே போய்விடும், உயிரில்லாமல்.

இந்த இடம் இன்றைய வாசகரைக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும். கெட்கேவும் சுட்டார், சுட்டதை வாங்கவும் செய்தார். அந்தக் காலத்தில் இன்று இருப்பது போன்ற பைனாகுலரோ டெலி லென்ஸோ கிடையாது. சைபீரியாவில் வாழும் பறவையை வட கடலில் பார்த்தேன் என்று வாயால் சொன்னால் லண்டனிலோ பெர்லினிலோ யாரும் நம்ப மாட்டார்கள். பதப்படுத்திய உடலை மேசைமேல் வைத்தால்தான் ஆதாரம். கண்டுபிடிக்கப்பட்ட அரிய பறவைக்கு அந்தக் கண்டுபிடிப்பே முடிவாகவும் ஆனது.

1858: ஒரே ஆண்டில் இரண்டு அதிசயங்கள்

அந்தத் தீவில் என்னதான் வந்தது? சில உதாரணங்களைப் பார்த்தால் புரியும்.

1840 அக்டோபரில் அங்கே கிடைத்தது சாம்பல் நிற கேட்பேர்ட். வட அமெரிக்கத் தோட்டங்களில் பூனை மாதிரிக் குரல் கொடுக்கும் பறவை அது.

1858 பிப்ரவரியில் ராஸ் கல் எனும் கடற்காகம் கிடைத்தது. மார்பில் இளஞ்சிவப்புச் சாயல் கொண்ட, வட துருவக் கடலின் பறவை. ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் கிளார்க் ராஸ் 1823-ல் ஆர்க்டிக் பயணத்தின்போது அறிமுகப்படுத்தியதால் அவர் பெயரையே பெற்றது. கெட்கேவின் கைக்கு ஒன்று வந்து சேர்ந்தபோது, அதன் முக்கிய இனப்பெருக்க இடம் எதுவென்றே உலகுக்குத் தெரியாது. வடகிழக்கு சைபீரியாவில் அது கூடு கட்டும் பகுதி 1905-ல்தான் தெரியவந்தது. அதற்குள் கெட்கே இறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1858 நவம்பரில் இன்னொன்று. கருப்புத் தொண்டையும் பச்சை முதுகும் கொண்ட பிளாக்-த்ரோட்டட் கிரீன் வார்ப்ளர். எடை சுமார் ஒன்பது கிராம், அதாவது நம்மூர் பத்து ரூபாய் நாணயத்தின் எடையைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்து, குளிர்காலத்துக்கு மத்திய அமெரிக்கா போக வேண்டியது. அட்லான்டிக் பெருங்கடலைத் தாண்டி இங்கே இருந்தது.

இவற்றைவிட கெட்கேவை அதிகம் யோசிக்க வைத்தவை, திரும்பத் திரும்ப வந்த கிழக்கத்திக் குருவிகள். மஞ்சள் புருவம் கொண்ட யெல்லோ-புரௌடு வார்ப்ளர் என்று ஒன்று. ஆறு கிராம் இருந்தால் அதிகம். சைபீரியக் காடுகளில் கூடு கட்டி, தென்கிழக்கு ஆசியாவுக்கும் இந்தியாவின் வடகிழக்குக்கும் குளிர்காலத்தில் வருவது. அதற்கு ஐரோப்பாவில் என்ன வேலை? ஒருமுறை வந்தால் வழி தவறியது எனலாம். இலையுதிர் காலம்தோறும் எதிர்பார்க்கும் அளவுக்கு வந்துகொண்டே இருந்தால்?

ரிச்சர்டு நெட்டைக்காலியும் அப்படித்தான். குளிர்காலத்தில் நம் இந்தியப் புல்வெளிகளுக்கு வரும் அதே பறவை. ஹெலிகோலாந்திலும் அடிக்கடி தென்பட்டது. தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்குக் குளிர்காலத்தில் வந்து, மரக்கிளைகளுக்குள் ஒளிந்துகொண்டு குரல் கொடுக்கும் கிரீனிஷ் வார்ப்ளர் எனும் பச்சைச் சாயல் கதிர்க்குருவியையும் கெட்கே அங்கே பதிவு செய்திருக்கிறார்.

இந்தப் பதிவுகள் வெளியே தெரியவர, ஆய்வாளர்கள் தீவைத் தேடி வந்தார்கள். 1870-களில் அங்கே வந்தவர்களில் ஒருவர், ஆங்கிலேயப் பறவை ஆய்வாளர் ஹென்றி சீபோம். அதே பத்தாண்டில் அவர் சைபீரியாவின் யெனிசேய் ஆற்றுப் பகுதிக்குப் பயணம் போய், மஞ்சள் புருவக் குருவியின் கூட்டையே நேரில் பார்த்தவர். பிறக்கும் இடத்தில் ஒரு கண், விருந்துக்கு வரும் இடத்தில் ஒரு கண்.

கலங்கரை விளக்கத்து இரவுகள்

கெட்கேவின் பகல்களைவிட இரவுகள்தான் இன்னும் வியப்பானவை.

தீவின் உச்சியில் பிரிட்டிஷார் கட்டிய கலங்கரை விளக்கம் இருந்தது. நிலா இல்லாத, மேகம் மூடிய அக்டோபர் இரவுகளில் அந்த வெளிச்சம் பறவைகளை இழுத்தது. ஆயிரக்கணக்கில் வந்து சுற்றும். நட்சத்திரம் தெரியாததால் திசை குழம்பிய பறவைகள் வெளிச்ச வட்டத்தைவிட்டு வெளியே போகத் தெரியாமல் தவிக்கும். கண்ணாடியில் மோதி விழுபவை ஏராளம்.

1882 அக்டோபரில் கோல்டுகிரெஸ்ட் எனும் குருவிகள் வந்ததை அவர் மறக்கவில்லை. ஐரோப்பாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. ஐந்தாறு கிராம்தான் இருக்கும், தலையில் மஞ்சள் பட்டை. அவை விளக்கைச் சுற்றிப் பனிப்பொழிவு மாதிரிக் கொட்டின. விடிந்தபோது தீவு முழுக்க, காலை எங்கே வைத்தாலும் குருவி என்ற நிலை. அடுத்த இரவுகளில் அவை கிளம்பிப் போய்விட்டன.

ஒரு நாள் ஒன்றுமில்லை, மறுநாள் லட்சம். ஏன்? இந்த ‘ஏன்’ தான் கெட்கேவை விடவில்லை. அதனால் அவர் பறவையை மட்டும் எழுதி வைக்கவில்லை. தேதி, காற்று எந்தத் திசை, மேகம், மழை, வெப்பம் என்று வானிலையையும் சேர்த்தே எழுதினார். அவரது பதிவுகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, புயல்தான் பறவையைக் கொண்டுவருகிறதா?

பாதி சரி, பாதி தவறு.

கடும் புயல் வீசும்போது நிலப் பறவைகள் பெரும்பாலும் கிளம்பாது. கிழக்கிலிருந்து வரும் அரிய குருவிகளை கெட்கே எதிர்பார்த்தது சூறைக்காற்றில் அல்ல. தென்கிழக்குக் காற்று இதமாக வீசும் நாட்களில். இன்று நமக்குத் தெரிந்ததை வைத்து இதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, கடற்பறவைகள். நடுக்கடலில் வாழும் இவை புயலின் சுழற்சியில் மாட்டி, கரைக்கும், சில நேரம் உள்நாட்டு ஏரிகளுக்கும் தள்ளப்படும். நம் கடற்கரையில் புயலுக்குப் பிறகு தெரிபவை பெரும்பாலும் இந்த வகைதான்.

இரண்டாவது, பக்கக் காற்றில் விலகியவை. வலசைப் பாதையில் நல்ல வானிலையில் கிளம்பி, நடுவழியில் காற்றும் பனிமூட்டமும் மழையும் வந்து மாட்டிக்கொள்பவை. கண்ணில் பட்ட முதல் நிலத்தில் இறங்கிவிடும். அட்லான்டிக்கைத் தாண்டி வரும் அமெரிக்கக் குருவிகளும் இந்த வகைதான். மேற்கிலிருந்து வேகமாக நகரும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அவற்றை அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது.

மூன்றாவது, காற்றே காரணமில்லாதவை. திசை அறியும் உள் உணர்விலேயே மாற்றம் இருக்கும் பறவைகள். தென்கிழக்கே போக வேண்டியது, பிறந்ததிலிருந்தே மேற்கே போகும் இயல்போடு இருக்கலாம். பெரும்பாலும் இவை அந்த ஆண்டு பிறந்த இளம் பறவைகள்.

இளம் பறவைகள் பற்றி கெட்கே ஒரு முக்கியமான விஷயத்தையும் கவனித்தார். இலையுதிர் காலத்தில் பல இனங்களில் குஞ்சுகள் முதலில் வந்தன, பெற்றோர் பிறகுதான் வந்தார்கள். அப்படியானால் அப்பா, அம்மா வழிகாட்டித்தான் குஞ்சுகள் வலசை போகின்றன என்ற நம்பிக்கை எல்லாப் பறவைகளுக்கும் பொருந்தாது. வழி பிறப்பிலேயே உள்ளே இருக்கிறது. அவர் இதை ஏறக்குறைய எல்லா இனங்களுக்குமான விதியாக்கிவிட்டார். அது அளவுக்கு மீறியது. ஆனால், பல இனங்களுக்கு அவர் கண்டது சரியே.

மணிக்கு 300 கிலோமீட்டர்: எங்கே தவறினார்?

இப்போது கதையின் இன்னொரு பக்கம்.

புளூத்ரோட் என்று ஒரு சிறு பறவை, தொண்டை மட்டும் அழகான நீலம். குளிர்காலத்தை எகிப்துப் பக்கம் கழித்துவிட்டு, வசந்தத்தில் வடக்கே போகும் வழியில் ஹெலிகோலாந்துக்கு வரும். இடையில் இருக்கும் நாடுகளில் அதைப் பார்த்ததாகத் தகவல்கள் மிகக் குறைவு. கெட்கே கணக்குப் போட்டார். இடையில் யாருமே பார்க்கவில்லை என்றால் அது எங்குமே இறங்கவில்லை. அப்படியானால் எகிப்தில் மாலை கிளம்பி, விடியும்போது ஹெலிகோலாந்துக்கு வந்திருக்க வேண்டும். தூரத்தை ஓர் இரவின் மணிநேரங்களால் வகுத்தார். விடை மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேல்.

அந்தச் சின்னஞ்சிறு பறவைக்கு இந்த வேகம் சாத்தியமே இல்லை. காற்று சாதகமாக இல்லாவிட்டால் இந்த அளவுள்ள பறவைகள் மணிக்கு 40, 50 கிலோமீட்டர்தான் பறக்கும். ஆனால் கெட்கேவுக்கு அந்த எண்ணில் சந்தேகம் வரவில்லை. அவ்வளவு வேகம் எப்படி முடியும் என்று யோசித்தார். காற்று மெல்லியதாக இருக்கும் மிக உயரத்தில், இன்றைய விமானங்கள் பறக்கும் உயரத்தில், பறவைகள் வலசை போகின்றன என்று முடிவுக்கு வந்தார். ஒரு தவறைத் தாங்க இன்னொரு தவறு.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பால்டிக் கடலோரம் ரோசிட்டனில் பறவை ஆய்வு நிலையத்தை நிறுவிய யோஹன்னஸ் தீனமன், பறவைகளின் வேகத்தை நேரடியாக அளந்தார். காகங்கள் மணிக்கு 50 கிலோமீட்டர் அளவில்தான் பறந்தன. பிற்காலத்தில் ரேடார் வந்தபோது உயரக் கணக்கும் உடைந்தது. சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரண்டு கிலோமீட்டருக்குக் கீழேயே வலசை போகின்றன.

கெட்கே எங்கே சறுக்கினார்? ஹெலிகோலாந்தில் ஒரு பறவை இறங்கினால் தெரிந்துவிடும். மரமில்லை, எங்கும் கண்கள். அந்தத் தீவிலேயே 50 ஆண்டுகள் வாழ்ந்தவருக்கு, உலகம் முழுவதும் அப்படித்தான் என்று தோன்றிவிட்டது. ஆற்றங்கரை நாணலுக்குள் நாலு நாள் ஒளிந்திருந்து இரை தேடிவிட்டு, இரவில் சத்தமில்லாமல் கிளம்பிவிடும் பறவையை யார் பார்ப்பது? பார்க்கவில்லை என்பதும் வரவில்லை என்பதும் ஒன்றல்ல.

டேட்டாவோடு வேலை செய்யும் யாருக்கும் இந்தத் தவறு பழக்கமானதுதான். நம் ஸ்க்ரீனில் வராதது உலகத்திலேயே இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

நாடு மாறியது, நூல் வந்தது

1890-ல் ஒரு ஒப்பந்தம். கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபார் உள்ளிட்ட இடங்களில் பிரிட்டனின் உரிமையை ஜெர்மனி ஏற்றுக்கொண்டது. அதில் ஹெலிகோலாந்து ஜெர்மனிக்கு வந்தது. தீவு மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. பிரிட்டிஷ் ஆளுநருக்குச் செயலாளராக இருந்த 76 வயது ஜெர்மானியர், வீட்டைவிட்டு நகராமலே ஒரு பேரரசிலிருந்து இன்னொன்றுக்கு மாறினார்.

அடுத்த ஆண்டு, 1891-ல், அவரது வாழ்நாள் உழைப்பு நூலாக வந்தது. பெயர் ‘டி ஃபோகெல்வார்ட்டே ஹெல்கோலாந்து’. ஹெலிகோலாந்து பறவைக் கண்காணிப்பு நிலையம் என்று பொருள். அப்படி ஒரு நிலையம் உண்மையில் அப்போது இல்லை. கட்டடம் இல்லை, ஊழியர் இல்லை. அந்த ஒரு மனிதரும் ஒரு தீவும்தான் நிலையம். சுமார் 400 பறவை இனங்கள் அதில் இடம்பெற்றன. 1895-ல் ஆங்கிலத்திலும் வந்தது. அவர் சேகரித்த பறவைகளை அரசு வாங்கித் தீவிலேயே வைத்தது.

1897 ஜனவரி 1, புத்தாண்டு அன்று, 82 வயதில் கெட்கே அந்தத் தீவிலேயே காலமானார்.

அவருக்குப் பிறகு

1910-ல் ஹியூகோ வைகோல்ட் எனும் ஆய்வாளர் மூலம் ஹெலிகோலாந்தில் நிஜமான பறவை ஆய்வு நிலையம் உருவானது. கெட்கேவின் நூல் தலைப்பே அதற்குப் பெயரானது. இன்னொன்றும் நடந்தது. தீவு மக்கள் சாப்பாட்டுக்காகக் கட்டிய அந்தப் புதர் வலை நினைவிருக்கிறதா? அதே யோசனையைப் பெரிதாக்கி, பறவையைக் காயமில்லாமல் பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவிக்கும் கூண்டாக மாற்றினார்கள். உலகம் முழுக்க இன்றும் அதன் பெயர் ஹெலிகோலாந்து பொறி. சமைக்கப் பிடித்த கருவி, தெரிந்துகொள்ளப் பிடிக்கும் கருவியானது.

பிறகு போர் வந்தது. 1945 ஏப்ரல் 18 அன்று ஏறக்குறைய ஆயிரம் பிரிட்டிஷ் விமானங்கள் தீவில் குண்டு வீசின. சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, அங்கிருந்த ராணுவக் கட்டுமானங்களை அழிக்க சுமார் 6,700 டன் வெடிபொருளைப் பிரிட்டன் வெடித்தது. தீவின் வடிவமே மாறியது. கெட்கேவின் பறவைச் சேகரிப்பும் போரில் அழிந்தது. மிஞ்சியவை, அவர் எழுதி வைத்த வரிகள்.

1952-ல் தீவு மீண்டும் ஜெர்மனியிடம் வந்தது. மக்கள் திரும்பினார்கள், ஆய்வு நிலையமும் திரும்பியது. இன்றும் ஒவ்வோர் அக்டோபரிலும் பைனாகுலரும் கேமராவுமாக ஐரோப்பாவின் பல ஊர்களிலிருந்து ஆட்கள் அங்கே போகிறார்கள். யாரிடமும் துப்பாக்கி இல்லை.

வழி தவறியவையா, புது வழியா?

கெட்கேவை உறுத்திய பழைய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. சைபீரியப் பறவைகள் ஏன் இலையுதிர் காலம்தோறும் மேற்கே வந்தன?

வெகு காலம் வரை இதற்குச் சொல்லப்பட்ட பதில் எளிது: வழி தவறியவை, குளிரில் செத்துப்போகும். ஆனால், தெற்கு பிரான்ஸில் குளிர்காலத்தைக் கழிக்கும் ரிச்சர்டு நெட்டைக்காலிகளின்மேல் சிறிய இருப்பிடப் பதிவுக் கருவிகளைப் பொருத்திய ஆய்வு ஒன்று 2021-ல் வெளியானது. அவை சைபீரியாவுக்குத் திரும்பிப் போய், இனப்பெருக்கம் செய்து, மறுபடி பிரான்ஸுக்கே வந்தன. வழி தவறிய பறவை அப்படிச் செய்யாது. ஒரு புதிய வலசைப் பாதையே உருவாகியிருக்கிறது.

மஞ்சள் புருவக் குருவியும் இன்று ஐரோப்பாவுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் வருகிறது. இது புதிது, இது அதிகம் என்று சொல்ல வேண்டுமானால் முன்பு எவ்வளவு வந்தது என்று தெரிய வேண்டும். அதற்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய, தொடர்ச்சியான கணக்குகளில் ஒன்று கெட்கேவுடையது.

நாம் என்ன செய்யலாம்?

அடுத்த புயலுக்குப் பிறகு உங்கள் கண்ணிலும் ஒரு விருந்தாளி படலாம். கடல் அடங்கி, எச்சரிக்கை விலகும்வரை கடற்கரைக்குப் போகாதீர்கள். ஏரியும் மொட்டைமாடியும் போதும். பறவை சோர்ந்து விழுந்து கிடந்தால் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், வற்புறுத்தி ஊட்டவும் வேண்டாம். காற்றோட்டமுள்ள அட்டைப் பெட்டியில், இருட்டில், அமைதியாக வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். நல்ல நிலையில் இருந்தால் தள்ளி நின்று படம் எடுங்கள். துரத்தாதீர்கள், அது ஏற்கெனவே களைத்திருக்கிறது.

படத்தோடு நிறுத்திவிடாமல் தேதி, நேரம், இடம், காற்றின் திசை நான்கையும் எழுதுங்கள். இ-பேர்ட் போன்ற பொதுத் தளத்தில் பதிவிடுங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, தெரிந்தவர்கள் சொல்வார்கள். தேடிப்போய் எதுவும் கிடைக்கவில்லை என்றாலும் அதையும் எழுதுங்கள். கெட்கேவுக்குக் கிடைக்காமல் போனது அந்த மாதிரித் தகவல்தான். எகிப்துக்கும் ஹெலிகோலாந்துக்கும் இடையே யாராவது நாணல் ஓரம் உட்கார்ந்து எழுதியிருந்தால், அந்த 300 கிலோமீட்டர் கணக்கு பிறந்தே இருக்காது.

ஏன் வந்தது என்பதற்கு நாம் இன்று சொல்லும் பதில் நாளை தவறாகலாம். கெட்கேவின் பதில்களும் தவறாயின. 1858 நவம்பரில் அந்தப் பச்சைக் குருவி அங்கே இருந்தது என்ற வரி மட்டும் அப்படியே நிற்கிறது.